வண்டித் தடத்தில் பர்கண்டி

போன் நகரத்தின் தெற்கு எல்லையில் கடைசி வீட்டின் மதிலும் முதல் திராட்சைக் கொடியும் அடுத்தடுத்து நிற்கின்றன. நெடுஞ்சாலை, லாரிகளையும் கார்களையும் அழைத்துக்கொண்டு இடதுபுறச் சமவெளியில் போய்விடுகிறது. வலதுபுறம், மலைச்சரிவின் அடிவாரத்தை ஒட்டி, ஒரு டிராக்டர் போகிற அகலத்துக்கு வெளிறிய தடம் ஒன்று கிளம்புகிறது. சில இடங்களில் சிமெண்ட் பூச்சு, சில இடங்களில் அழுத்திவிட்ட சுண்ணாம்புக்கல் சரளை. சரளையில் ஏறியதுமே டயரின் சத்தம் மாறிவிடுகிறது. தார்ச்சாலையின் ரீங்காரம் போய்க் கரகரப்பு வருகிறது. அதற்கு மேல் காதில் விழுவது காற்றும், எங்கோ தொலைவில் வேலை செய்யும் ஒரு டிராக்டரும்தான்.

பிரான்சின் கிழக்கே பர்கண்டியில் இப்படிப் போகும் பாதைக்கு ‘வுவா தே வீன்ய்’, அதாவது திராட்சைத் தோட்டங்களின் வழி, என்று பெயர். போன் நகரத்திலிருந்து பொமார், வோல்னே, மெர்சோ, புலீனி-மோன்ராஷே, ஷசாஞ்-மோன்ராஷே ஆகிய கிராமங்களைத் தொட்டுக்கொண்டு சான்த்னே வரை சுமார் 22 கிலோமீட்டர். அங்கிருந்து ஒரு கால்வாய்க் கரை ஷலோன்-சூர்-சோன் நகரத்துக்கும், அதற்கப்பால் தண்டவாளம் அகற்றப்பட்ட ரயில் பாதை ஒன்று க்ளூனி வழியாக மாக்கோன் நகரத்துக்கும் கொண்டு சேர்க்கின்றன. மொத்தம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ஊர்களுக்குள் நுழையும்போதும் சாலைகளைக் கடக்கும்போதும் தவிர, மோட்டார் வண்டிகளோடு பாதையைப் பகிர வேண்டிய தேவை மிகக் குறைவு.

இந்த மூன்று தடங்களில் ஒன்றுகூட சைக்கிளுக்காகப் பிறந்ததல்ல. முதலாவது கொடி வளர்ப்பவர்கள் வேலைக்குப் போகப் போட்டது. இரண்டாவது படகை இழுத்துச் சென்றவர்கள் நடந்து நடந்து கெட்டிப்பட்டது. மூன்றாவது நீராவி இஞ்சினுக்காகச் சமன் செய்தது. கார் இல்லாத அமைதி இங்கே தானாக வாய்த்தது என்று நினைப்பவர், அந்த அமைதிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பார்க்கத் தவறிவிடுவார். பார்க்க வேண்டியதே அதுதான்.

அக்டோபர் நடுப்பகுதி இதற்கு நல்ல காலம். அறுவடை முடிந்துவிட்டது, கொடிகள் மஞ்சளும் செம்புநிறமுமாக மாறிவிட்டன, கிராமத்துக்குள் நுழைந்தால் நிலவறைகளின் சன்னல் வழியே நொதிக்கும் சாற்றின் புளித்த மணம் தெருவரை வருகிறது. கொடிகளில் பழம் இல்லை என்றாலும், பறிப்பவர்கள் வேண்டாமென்று விட்டுவிட்ட சின்னச் சின்னப் பிந்திய கொத்துகள் அங்கங்கே தொங்குகின்றன. காய் முற்றாதவை, புளிப்பு மிகுந்தவை. பறவைகள் அவற்றைத் தேடி வருகின்றன.

சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் இந்தக் கல்லில் நிற்காது. மலைச் சைக்கிளின் தடித்த டயருக்கும் இங்கே வேலை இல்லை. 40 மில்லிமீட்டர் அளவுள்ள டயரைக் காற்று சற்றுக் குறைத்துப் பூட்டிய ‘கிராவல்’ சைக்கிள் இரண்டுக்கும் நடுவே வந்து அமர்கிறது. பந்தய உலகமும் இந்த வகைத் தடங்களைச் சமீபத்தில் கண்டுகொண்டது. 2018-இல் பாரிஸ்-தூர் பந்தயம் வுவ்ரே பக்கத்துத் திராட்சைத் தோட்டத் தடங்களுக்குள் முதன்முறையாகத் திரும்பியது. 2022-இல் பெண்களுக்கான தூர் தெ பிரான்சின் நான்காம் கட்டமும், 2024-இல் ஆண்களுக்கான தூரின் ஒன்பதாம் கட்டமும் ஷாம்பேன் பகுதியின் வெள்ளைத் தடங்களில் ஓடின. 2024 கட்டத்தில் மட்டும் 14 துண்டுகளாக மொத்தம் 32 கிலோமீட்டர் சரளை. தொலைக்காட்சியில் புழுதிப் படலம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு இந்த நிலத்தில் பார்க்கக் கிடைப்பது முன்னால் போகிறவரின் பின்சக்கரம் மட்டுமே. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போதும். அந்த வேகத்தில்தான் சரிவு தன்னைக் காட்டுகிறது.

பொமாரைத் தாண்டியதும் அதைக் காணலாம். இடுப்பளவு உயரத்தில் கம்பிகளில் கட்டிய கொடி வரிசைகள், பந்தல் கிடையாது. பெரும்பாலான வரிசைகள் மேலிருந்து கீழாகச் சரிவோடு இறங்குகின்றன. அவற்றைக் கூறு போடும் கல்மதில்கள். மதிலுக்குச் சாந்து இல்லை, கல்லின்மேல் கல் வைத்து அடுக்கியது. உழும்போது நிலம் கக்கிய கற்களை ஓரத்தில் குவித்துக் குவித்தே பல மதில்கள் உருவாகியிருக்கின்றன. சில குவியல்கள் மதிலாக மாறாமல் மேடாகவே நிற்கின்றன. அவற்றை ‘மூர்ஜே’ என்கிறார்கள். அதே கல்லில் கட்டிய ஒற்றை அறைக் குடில் ‘கபோத்’. மழைக்கு ஒதுங்கவும் கருவிகளை வைக்கவும் கட்டியது. இன்று மழைக்கு ஒதுங்குகிறவர்களில் சைக்கிள்காரர்களும் சேர்ந்துவிட்டார்கள்.

மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் வேறு பெயர். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர், தனி எல்லை, தனிச் சுவை என்ற ஏற்பாட்டை இங்கே ‘க்ளிமா’ என்கிறார்கள். டிஜோனுக்குத் தெற்கிலிருந்து சான்த்னேயை அடுத்த மராஞ்ச் வரை, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே சரிவில் இப்படி 1,247 துண்டுகள். 2015 ஜூலையில் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. துண்டுகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையை இடைக்காலத்திலேயே துறவிகள் தொடங்கிவிட்டார்கள். 1098-இல் நிறுவப்பட்ட சீத்தோ மடத்தின் துறவிகள் வடக்கே வூஜோவில் மதில் எழுப்பி வளைத்த தோட்டம் இன்றும் அதே மதிலுக்குள் இருக்கிறது. அதன் பரப்பு சுமார் 50 எக்டேர். இன்றைய சொந்தக்காரர்கள் ஏறக்குறைய 80 பேர். பிரெஞ்சுப் புரட்சியின்போது மடத்துச் சொத்து பறிமுதலாகி விற்பனைக்கு வந்தது. பிறகு 1804-இன் நெப்போலியன் சட்டத் தொகுப்பு, பிள்ளைகள் எல்லோருக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று விதித்தது. தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரித்ததில் ஒருவருக்கு இங்கே நான்கு வரிசை, அங்கே பத்து வரிசை என்று நிலம் சிதறியது.

இத்தனை தடங்கள் இருப்பதற்கு இந்தப் பாகப்பிரிவினையும் ஒரு காரணம். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் சொந்தக்காரர் போய்வர வழி வேண்டும். அதனால் சரிவெங்கும் வண்டித் தடங்கள் பின்னிக் கிடக்கின்றன. பொதுப் போக்குவரத்துக்குத் தடை, உரிமையுள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி என்ற பலகையைத் தட முனைகளில் அடிக்கடி பார்க்கலாம். கார்களை வெளியே நிறுத்துவது அந்தப் பலகைதான்.

நிலத்தை அளக்கும் பழைய அலகும் உழைப்பிலிருந்தே வந்தது. ‘ஊவ்ரே’ என்பது ஒரு ஆள் ஒரு நாளில் கொத்தி முடிக்கக்கூடிய நிலம்: 428 சதுர மீட்டர், நம் கணக்கில் பத்தரை சென்ட். மெட்ரிக் முறை வந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், பர்கண்டியில் நிலம் வாங்குபவரும் விற்பவரும் இன்றும் ஊவ்ரேயில் பேசுகிறார்கள்.

வோல்னேக்கும் மெர்சோவுக்கும் இடையில் தடம் கொஞ்சம் ஏறுகிறது. எதிரே ஒரு டிராக்டர் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி வரிசை முனையில் ஒதுங்கி நிற்பதுதான் முறை. அந்த டிராக்டரை அருகில் பார்ப்பது ஒரு வாய்ப்பும்கூட. நான்கு சக்கரங்களும் நீண்ட கால்களின் நுனியில் இருக்கின்றன. வண்டியின் உடல் தலைக்கு மேலே. ஒரு வரிசைக் கொடியைத் தன் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் மண்ணைக் கிளறியபடி அது நடக்கிறது. வரிசைக்கும் வரிசைக்கும் இடைவெளி ஒரு மீட்டர்தான். சாதாரண டிராக்டர் உள்ளே நுழையவே முடியாது. எக்டேருக்குப் பத்தாயிரம் கொடி, ஏக்கருக்கு நாலாயிரம். மிக நெருக்கமான நடவு. ஓட்டுநர் உயரத்திலிருந்து கை உயர்த்துகிறார், பயணியும் உயர்த்துகிறார், அவ்வளவுதான் பேச்சு. சக்கரத்திலிருந்து கழன்று விழுந்த மண்கட்டி தடத்தில் கிடக்கிறது. கையில் எடுத்து நசுக்கினால் களியாக ஒட்டுகிறது. அதற்குள் நகக்கண் அளவில் வெள்ளைச் சுண்ணாம்புச் சில்லுகள்.

இந்த மண்ணை மழை நாளில் குறைத்து எடைபோடக் கூடாது. சுண்ணாம்பும் களியும் கலந்த சேறு டயரில் அப்பி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே கெட்டிப்பட்டு, இருநூறு மீட்டருக்குள் சக்கரத்தைச் சுழலவிடாமல் நிறுத்திவிடும். பலத்த மழை பெய்த மறுநாள் சிமெண்ட் தடத்தோடு நின்றுகொள்வது நல்லது. அந்தச் சிமெண்டின் பயனும் அப்போது விளங்கும்: செங்குத்தான தடங்களில் மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு இறங்காமல் அது பிடித்து வைக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு குளிர்காலத்திலும், அடிவாரத்தில் தேங்கிய மண்ணைக் கூடையில் வாரி முதுகில் சுமந்து சரிவின் உச்சிக்கே திரும்பக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். தடத்தின் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது அந்த முதுகுகளை நினைக்காமல் இருக்க முடியாது.

வரிசை வரிசையாய்ச் சீவியதுபோல் நிற்கும் இந்தக் காட்சி ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்று தோன்றும். தோட்டங்கள் பழையவை, வரிசைகள் புதியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இங்கே கொடிகள் கூட்டமாக, ஒழுங்கில்லாமல் வளர்ந்தன. ஒரு கொடியின் கிளையை வளைத்து மண்ணில் பதியம் போட்டு அடுத்த கொடியை உண்டாக்கினார்கள். எல்லா வேலையும் மண்வெட்டியால். பிறகு பிலாக்ஸெரா வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த, வேரை உறிஞ்சும் நுண்பூச்சி. 1870-களின் இறுதியில் இந்தச் சரிவை அடைந்து, தோட்டம் தோட்டமாகக் கொன்றது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கன்றின்மேல் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டுவது ஒன்றே மாற்று வழியாக நின்றது. அந்நிய வேர் தங்கள் மண்ணின் சுவையைக் கெடுத்துவிடும் என்று பலர் நெடுநாள் எதிர்த்தார்கள்; வேறு வழி இல்லாதபோது இணங்கினார்கள். ஒட்டுக்கன்றுகளை நடும்போதுதான், குதிரை ஏர் போக வசதியாக, நேர்வரிசையில் நட்டார்கள்.

ஏதாவது ஒரு வரிசை முனையில் குனிந்து பார்த்தால் அந்த வரலாறு கைக்கு எட்டும். மண்ணுக்குச் சற்று மேலே தண்டு முண்டும் முடிச்சுமாகத் தடித்திருக்கிறது. அதுதான் ஒட்டு. கீழே இருப்பது அமெரிக்க வேர். மேலே இருப்பது பினோ நுவார் அல்லது ஷார்டனே. தண்டின் தலையில் ஆண்டுக்காண்டு கவாத்து செய்த வெட்டுத் தழும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. டிசம்பர் தொடங்கினால் கவாத்துக்காரர்கள் மறுபடி வருவார்கள். வெட்டிய குச்சிகளைப் பழைய எண்ணெய்ப் பீப்பாயில் செய்த தள்ளுவண்டியிலேயே எரித்துக் குளிர் காய்ந்தபடி வரிசை வரிசையாக நகர்வார்கள். சாம்பல் அந்த மண்ணுக்கே.

மெர்சோவில் பசி எடுத்தால் நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். கிராமத்து ரொட்டிக்கடை நண்பகல் தாண்டியதும் அடைத்துவிடும். திங்கட்கிழமை பல கடைகள் திறப்பதே இல்லை. தண்ணீருக்குப் பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் அறிந்த வழி ஒன்று உண்டு: ஊர்க் கல்லறைத் தோட்டம். பூச்சாடிகளுக்கு ஊற்றுவதற்காக வாசலருகே குழாய் இருக்கும். குடிநீர் அல்ல என்ற அறிவிப்பு இல்லையென்றால் குப்பியை நிரப்பிக்கொள்ளலாம்.

புலீனியில் தடம் ஒரு தாழ்ந்த மதிலை ஒட்டிப் போகிறது. மதிலுக்கு மேல்பக்கம் மோன்ராஷே. 8 எக்டேர், இருபதே ஏக்கர். உலகின் மிக விலையுயர்ந்த வெள்ளை ஒயின்களில் ஒன்று இந்த நிலத்திலிருந்து வருகிறது. ஒரு குப்பி பல நூறு யூரோ, சில தயாரிப்பாளர்களிடம் பல ஆயிரம். அதன் பாதி புலீனி கிராமத்தில், மறுபாதி ஷசாஞ் கிராமத்தில். இரண்டு ஊர்களும் 1879-இல் அந்தத் தோட்டத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டன. சில நூறு மீட்டர் கீழே, சமவெளி தொடங்கும் இடத்தில் விளைவதன் விலை அதில் ஒரு சிறு பங்குதான். ஒரே ரகக் கொடி, ஒரே வெயில், ஒரே மழை. நடுச்சரிவில் மண் ஆழம் குறைவு, கல் அதிகம், நீர் வடிந்துவிடும், காலை வெயில் நேராக விழும். கீழே மண் கனம், ஈரம் தேங்கும். தடத்தில் ஏறி இறங்கும் கால்களுக்கு இந்த வேறுபாடு வரைபடம் இல்லாமலே தெரிகிறது: மேலே கரகரக்கும் டயர், கீழே மெத்தென்று அழுந்துகிறது.

விலை இவ்வளவு ஏறிப்போனதில் வருத்தமும் இருக்கிறது. நிலத்தின் விலை ஏற ஏற வாரிசு வரியும் பங்குப் பிரச்சினையும் கடினமாகி, சிறு குடும்பங்கள் தங்கள் வரிசைகளைப் பெரிய முதலீட்டாளர்களிடம் விட நேர்கிறது. உழுகிற கை ஊர்க்காரருடையதாகவே இருக்கும்வரை தடங்களும் திறந்தே இருக்கும் என்று நம்பலாம். வேலி போட்டு அடைக்கும் வழக்கம் இந்தச் சரிவுக்கு உரியதல்ல.

இன்னொரு கவலை வானத்திலிருந்து. போன் நகரத்தில் திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகள் 1354 முதல் கிடைக்கின்றன. அந்தப் பதிவுகளைத் திரட்டி ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் வெளியிட்டார்கள். 1987 வரை அறுவடை சராசரியாகச் செப்டம்பர் 28-இல் தொடங்கியது. 1988-க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. ஆறரை நூற்றாண்டுக் கணக்கில் இப்படியொரு தாவல் வேறெப்போதும் இல்லை. குளிர்காலம் மிதமாக இருப்பதால் மொட்டும் முன்னதாகவே வெடிக்கிறது. ஏப்ரல் உறைபனி வந்தால் இளந்தளிர் கருகுகிறது. 2021 ஏப்ரலில் இந்தச் சரிவெங்கும் இரவில் மெழுகு விளக்குகளை வரிசைகளுக்கு நடுவே ஏற்றி வைத்துக் காவல் இருந்தார்கள். முன்னதாகத் துளிர்க்கும் ஷார்டனே அந்த ஆண்டு பெரும் சேதம் கண்டது.

போன் நகரத்தில் பல வண்ண ஓடுகள் வேய்ந்த ஒரு பழைய மருத்துவமனை இருக்கிறது. 1443-இல் பர்கண்டி பிரபுவின் அமைச்சர் நிக்கோலா ரோலேனும் அவர் மனைவி கிகோன் தெ சலேனும் ஏழை நோயாளிகளுக்காக நிறுவியது. 1971 வரை அங்கே நோயாளிகள் இருந்தார்கள். நூற்றாண்டுகளாகப் பக்தர்களும் நோயாளிகளும் தானமாக எழுதிவைத்த தோட்டங்கள் சேர்ந்து இன்று சுமார் 60 எக்டேர். அவற்றின் ஒயின் 1859 முதல் ஏலம் விடப்படுகிறது. நவம்பர் மூன்றாம் ஞாயிறு அந்த நாள். ஏலப் பணம் இன்றைய மருத்துவமனைக்குப் போகிறது. தடத்தில் கடக்கும் வரிசைகளில் சில அந்தத் தான நிலங்கள்.

சான்த்னேயில் சரிவு முடிந்து கால்வாய் வருகிறது. கனால் து சான்த்ர், 112 கிலோமீட்டர், எமிலான் கோத்தே என்ற பொறியாளரின் படைப்பு; 1793 வாக்கில் திறந்தது. சோன் ஆற்றையும் லுவார் ஆற்றையும் இணைத்து, மத்தியதரைக் கடலுக்கும் அட்லாண்டிக்குக்கும் இடையே நாட்டுக்குள்ளேயே நீர்வழி தந்தது. நிலக்கரியும் ஓடும் செங்கல்லும் இதில் போயின. படகை இழுக்கக் குதிரை இல்லாத குடும்பங்களில் ஆணும் பெண்ணும் தோளில் பட்டை மாட்டிக்கொண்டு கரையில் நடந்தார்கள். இப்போது போவது உல்லாசப் படகுகள். கரை தட்டை, பிளேன் மரங்களின் இலை விழுந்து பாதையை மூடியிருக்கிறது, மதகுக்கு மதகு ஒரு சின்ன வீடு. ஷலோன் வரை மிதித்துக்கொண்டே இருக்கலாம், சொல்வதற்கு அதிகம் இல்லை. அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் ‘யூரோவெலோ 6’ நெடும்பாதையும் இந்தக் கரையில்தான் வருகிறது. அதனால், நான்கு பைகளைத் தொங்கவிட்டு ருமேனியாவுக்குப் புறப்பட்டவர்களை இங்கே பார்க்க முடிகிறது.

ஷலோன் தாண்டி ஜிவ்ரியில் மூன்றாவது தடம். ஷலோனையும் மாக்கோனையும் க்ளூனி வழியாக இணைத்த ரயில் பாதை பயணிகள் இல்லாமல் ஓய்ந்து, புதர் மண்டிக் கிடந்தது. சோன்-ஏ-லுவார் மாவட்ட நிர்வாகம் தண்டவாளம் இருந்த படுகையைத் தார் போட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கொடுத்தது. ஜிவ்ரி முதல் க்ளூனி வரை 44 கிலோமீட்டர், 1997-இல் திறப்பு. பிரான்சின் முதல் ‘வுவா வேர்த்’, பசும்வழி, இதுவே. மோட்டார் வண்டிக்கு இடமில்லாத இந்த வகைப் பாதைக்குப் போக்குவரத்துச் சட்டத்தில் தனி இடம் கிடைத்தது 2004-இல். ஒரு மாவட்டம் முதலில் செய்து காட்டியது; சட்டம் ஏழு ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது. அதன்பின் நாடெங்கும் கைவிட்ட ரயில் படுகைகள் இப்படி மாறின.

இது சரளை அல்ல, வழவழப்பான தார். கிராவல் சைக்கிளில் வந்தவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பாதையில் எதிரே வருபவர்களைப் பார்க்கட்டும்: சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வருகிறவர், துணைச் சக்கரம் வைத்த சைக்கிளில் நான்கு வயதுக் குழந்தை, கைத்தடியோடு ஒரு முதிய தம்பதி. தார் இல்லாவிட்டால் இவர்கள் ஒருவரும் இங்கே இல்லை. சரளை வேண்டுமென்றால் இருபுறமும் காட்டுத் தடங்களும் தோட்டத் தடங்களும் கிளை பிரிகின்றன. ஏறிப் போய்விட்டு மறுபடி வந்து சேர்ந்துகொள்ளலாம். ரயிலுக்காகப் போட்ட பாதை ஆதலால் ஏற்றம் தெரியாது. பழைய நிலையங்கள் தங்கள் நடைமேடையோடு இன்னும் நிற்கின்றன. புஸ்ஸியில் 1931-இல் உருவான கூட்டுறவுக் கிடங்கு, தனியாக ஒயின் வடித்து விற்க வசதியில்லாத சிறு விவசாயிகளின் திராட்சையை இன்றும் சேர்த்து வாங்குகிறது. தேஸே குன்றின் மேல், 1940-இல் சகோதரர் ரோஜே வந்து குடியேறி, பின்னர் ஒரு கிறிஸ்தவத் துறவுச் சமூகத்தை உருவாக்கிய கிராமம். அந்தச் சமூகத்தைத் தேடிக் கோடையில் பல நாட்டு இளைஞர்கள் முதுகுப் பையோடு இந்தப் பாதையைக் கடந்து மேலே ஏறுகிறார்கள்.

க்ளூனியில் நிற்காமல் போகக் கூடாது. 910-இல் நிறுவப்பட்ட மடம். அதன் மூன்றாவது பேராலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய கோயில் இல்லை. புரட்சிக்குப் பின் விற்கப்பட்டு, கல்லுக்காக உடைக்கப்பட்டது. இன்று நிற்பது ஒரு சிறு பகுதியும் அதன் எண்கோணக் கோபுரமும். அந்தத் துண்டின் உயரத்தை அண்ணாந்து பார்த்து, மற்றதை மனத்தில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இந்த மடத்துக்கும் பரந்த திராட்சைத் தோட்டங்கள் இருந்தன.

க்ளூனிக்குத் தெற்கே மலை குறுக்கிடுகிறது. பழைய ரயில் மலையைக் குடைந்து போனது: புவா கிளேர் சுரங்கம், 1,600 மீட்டர். சைக்கிள் இன்று அதற்குள் போகிறது. வாயிலிலேயே குளிர்ச்சி முகத்தில் அறைகிறது; மங்கிய விளக்குகள், சுவரில் ஒழுகும் நீர், தொலைவில் பொட்டாக வெளிச்சம். மேற்சட்டையும் முன்விளக்கும் கையில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். உள்ளே வௌவால்கள் உறங்குகின்றன. ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும் அவை சேர்த்துவைத்த கொழுப்பு கரையும், வசந்தம்வரை தாங்காது. அந்த மாதங்களில் சைக்கிள்காரர்கள் மலைமேல் சுற்றிப் போகிறார்கள். வௌவாலுக்காக மனிதர்கள் சுற்றிப் போக ஒப்புக்கொண்ட இந்த ஏற்பாடு, இப்பாதையைப் பற்றிச் சொல்லத்தக்க நல்ல விஷயங்களில் ஒன்று. 1981-இல் திறந்த பாரிஸ்-லியோன் அதிவேக ரயிலும் இதே கணவாயைத்தான் கடக்கிறது. அதற்குச் சுரங்கம் தேவைப்படவில்லை; வேகமும் வலுவும் இருப்பதால் மலைமேலேயே ஏறி இறங்கிவிடுகிறது.

சுரங்கத்துக்கு மறுபக்கம் கொடிகள் மீண்டும் வருகின்றன. மேற்கே சொலூத்ரே பாறை, 493 மீட்டர், ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டி நிறுத்தியது. அதன் அடியில் 1866-இல் தொடங்கிய அகழாய்வில் கற்கால வேட்டையாடிகள் கொன்ற குதிரைகளின் எலும்பு பெரும் அடுக்காகக் கிடைத்தது; அங்கே கிடைத்த ஒரு கல் ஆயுதப் பண்பாட்டுக்கே இந்த ஊரின் பெயர். பாறையைச் சுற்றித்தான் புயி-பியூசே தோட்டங்கள். பல ஆண்டு மண் ஆய்வுக்குப் பின் 2020-இல் இங்கே 22 க்ளிமாக்கள் ‘முதல் தரம்’ என்ற தகுதி பெற்றன. மாக்கோன் வட்டாரத்தில் அந்தத் தகுதி வந்தது அதுவே முதல் முறை. முன்னாள் பிரெஞ்சு அதிபர் பிரான்சுவா மித்தராண்ட் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே நாளில் இந்தப் பாறை ஏறும் வழக்கம் வைத்திருந்தார். பயணிகள் பாறை உச்சிவரை நடந்து போய் நிற்கலாம். சைக்கிளைக் கீழே பூட்டிவிட வேண்டும்.

இங்கிருந்து மாக்கோன் ரயில் நிலையம் இறக்கத்தில் அரை மணி நேரம். வட்டார ரயில்களில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். கால்களில் தெம்பு மிச்சம் இருப்பவர் தெற்கே திரும்பித் தோட்டத் தடங்களிலேயே தொடரட்டும். சில கிராமங்கள் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் முடிந்து, டயருக்கு அடியில் கருங்கல் உதிர்ந்த இளஞ்சிவப்பு மணல் வருகிறது. கொடியும் மாறுகிறது. பர்கண்டி பிரபு துணிவுடைய பிலிப் 1395-இல் ஆணை போட்டுத் தன் சரிவுகளிலிருந்து விரட்டிய கமே ரகம், சுண்ணாம்பு மண்ணில் சோபிக்காதது, இந்தக் கருங்கல் மணலில் செழித்துக் கிடக்கிறது. பியூஜொலே தொடங்கிவிட்டது. அங்கே தடங்கள் இன்னும் செங்குத்து, சரளை இன்னும் தளர்வு. டயரில் காற்றை இன்னும் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது.